ஜன்னலோரக் கணினி

1970-களின் பிற்பகுதி. ஜப்பானின் ஷின்கான்சென் அதிவேக ரயிலில், களைத்துப்போன அலுவலக ஊழியர் ஒருவர் தன் பாக்கெட் கால்குலேட்டரை எடுத்துப் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்தார். கணக்கு எதுவும் போடவில்லை. பொழுது போகவில்லை, அவ்வளவுதான். அதே ரயிலில் இருந்த குன்பெய் யோகோய் அதைக் கவனித்தார். கியோட்டோ நகரில் இயங்கிய நின்டெண்டோ நிறுவனத்தில் அவர் பொறியாளர்; பொம்மைகளும் விளையாட்டுப் பொருள்களும் வடிவமைப்பது அவர் வேலை. ஒரு பயணி யாருடைய கண்ணிலும் படாமல், உள்ளங்கைக்குள் வைத்து விளையாட ஒரு சின்னக் கருவி இருந்தால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

இன்னொரு பயணம் குறுக்கே வராதிருந்தால் அந்த யோசனை அப்படியே மறந்துபோயிருக்கும். நின்டெண்டோ தலைவர் ஹிரோஷி யமாவுச்சியின் ஓட்டுநர் ஒருநாள் உடல்நலமின்றி வரவில்லை. தலைவரின் காரைப்போல இடதுபக்க ஸ்டீயரிங் கொண்ட அமெரிக்க காரை ஓட்டிப் பழகியவர் அலுவலகத்தில் யோகோய்தான். தலைவரைக் கூட்டத்துக்கு அழைத்துச் செல்லும் வழியில், பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று அந்த ரயில் காட்சியைச் சொன்னார். கூட்டத்தில் யமாவுச்சியின் பக்கத்தில் அமர்ந்தவர் ஷார்ப் நிறுவனத்தின் தலைவர். அன்றைய உலகில் கால்குலேட்டர்களையும் அவற்றின் திரைகளையும் தயாரிப்பதில் முன்னணியில் இருந்த நிறுவனம் அது. ஒரு வாரத்துக்குள் ஷார்ப் அதிகாரிகள் நின்டெண்டோவின் வாசலில் நின்றார்கள். 1980-இல் 'கேம் அண்ட் வாட்ச்' பிறந்தது. கால்குலேட்டரின் திரையும் சிப்பும் கொண்டு, ஒரே ஒரு விளையாட்டை ஆடி, நேரமும் காட்டிய அந்தக் குட்டிக் கருவி நான்கு கோடிக்கும் மேல் விற்றது.

அந்த வழியில் வந்த அடுத்த குழந்தைதான் 1989 ஏப்ரல் 21 அன்று ஜப்பானில் வெளியான கேம் பாய். 1889-இல் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய நிறுவனத்துக்கு அது நூறாவது ஆண்டு. யோகோயும் சக பொறியாளர் சதோரு ஒகாடாவும் அவர்கள் குழுவினரும் அதை வடிவமைத்தார்கள். ஒரே விளையாட்டோடு நின்றுவிடாமல், கார்ட்ரிட்ஜ் என்ற செருகுபெட்டியை மாற்றினால் விளையாட்டும் மாறியது. அதாவது, இது பையில் போட்டுக்கொண்டு போகும் முழுமையான கணினி.

எங்கள் வீட்டுக்கு அது சிங்கப்பூரிலிருந்து வந்தது. சோப்புகளுக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவே பத்திரமாக வைத்து மாமா கொண்டுவந்தார். கோடை விடுமுறையில் வைகை எக்ஸ்பிரஸின் ஜன்னலோர இருக்கை கிடைத்துவிட்டால் போதும், பையிலிருந்து அதை எடுப்பேன். நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான். செங்கல்பட்டு தாண்டுவதற்குள் பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்துவிடுவார். பிறகு முறை வைப்போம்: விழுப்புரம் வரை எதிர்ப்பக்கத்துத் தங்கச்சி, விருத்தாசலம் வரை அவள் அண்ணன். வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர், "தம்பி, இது கால்குலேட்டரா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி கருவியின் பூர்வீகத்தையே தொட்டுவிட்டது என்பது பல வருடம் கழித்துப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

சக பயணிகள் எப்போதும் ஒரே மாதிரிக் கேள்விகளைத்தான் கேட்பார்கள். இந்த வெயிலில் எப்படி இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது? பேட்டரி எத்தனை நேரம் வரும்? இத்தனூண்டு பெட்டிக்குள் இதெல்லாம் எப்படி அடங்கியது? அன்று என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது. ஒவ்வொரு பதிலும் கருவியைவிடச் சுவாரசியமானது.

முதலில் யோகோயின் கொள்கை. புதிதாக வந்த, விலை அதிகமான தொழில்நுட்பத்தை அவர் தேடிப் போகவில்லை. பல ஆண்டுகள் புழங்கி, குணம் குற்றம் எல்லாம் தெரிந்து, விலையும் சரிந்துவிட்ட தொழில்நுட்பத்தை எடுத்து, யாரும் நினைக்காத இடத்தில் பொருத்துவதே அவர் வழி. கேம் பாயின் சிப் வெளியான நாளிலேயே பழைய பாணியைச் சேர்ந்தது. திரையில் நிறம் இல்லை. திரைக்குப் பின்னால் விளக்கும் இல்லை. ஆனால் அந்த இல்லாமை ஒவ்வொன்றும் பயணியை மனத்தில் வைத்து எடுத்த முடிவு.

திரையிலிருந்து தொடங்குவோம். அதனுள் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே திரவப் படிகம் என்ற பொருள் மெல்லிய படலமாக இருக்கிறது. திரவம்போல நகரும், படிகம்போல ஒழுங்காக அடுக்கியும் நிற்கும் பொருள் அது. அதன் நீண்ட மூலக்கூறுகள் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி அடுக்கப்பட்டிருக்கின்றன. மேலே ஒரு தளவிளைவுத் தகடு. ஒளியின் அதிர்வை ஒரே திசையில் மட்டும் உள்ளே விடும் வடிகட்டி அது. கீழே இன்னொன்று. உள்ளே நுழைந்த ஒளி மூலக்கூறுகளின் திருப்பத்தைப் பின்பற்றித் தானும் திரும்பி, கீழ்த் தகட்டைக் கடந்து, பின்னால் உள்ள பளபளப்பான படலத்தில் பட்டு, வந்த வழியே திரும்பி நம் கண்ணை அடைகிறது. அந்த இடம் வெளிறித் தெரியும். மின்னழுத்தம் கொடுத்தால் மூலக்கூறுகள் நிமிர்ந்து நிற்கும், ஒளி திரும்பாது, கீழ்த் தகடு அதைத் தடுத்துவிடும். அந்த இடம் கருத்துத் தெரியும்.

ஆக, இந்தத் திரை தானாக ஒளி எதையும் உமிழ்வதில்லை. ஜன்னல் வழியே வரும் சூரிய ஒளியைக் கடன் வாங்கி, வேண்டிய இடத்தில் மட்டும் திருப்பி அனுப்புகிறது. வெயில் ஏற ஏற அது தெளிவாகிறது. நம் கைப்பேசியின் திரை நண்பகல் வெயிலோடு போட்டிபோட வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டிப் பேட்டரியைத் தின்கிறது. இதற்கோ வெயில்தான் எரிபொருள். மாலையில் இருட்டிவிட்டால் ஆட்டம் முடிந்தது. பெட்டியின் விளக்கு எரியும்வரை காத்திருக்க வேண்டும். இடதுபக்கம் ஒரு சின்னச் சக்கரமும் உண்டு. அதைத் திருப்பினால் மின்னழுத்தம் மாறி, திரையின் கருமையும் மாறும். பக்கத்து இருக்கைக்காரர் சாய்வாகப் பார்க்கும்போது அவர் கண்ணுக்கு ஏற்றபடி நான் அதைத் திருப்பிக் கொடுப்பேன்.

அந்தத் திரை உள்ளங்கையில் பாதியைக்கூட நிரப்பாது. அதற்குள் குறுக்கே 160, நெடுக்கே 144 என்று மொத்தம் 23,040 படப்புள்ளிகள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்த வேண்டும். அப்படியென்றால் 23,040 கம்பிகள் வேண்டுமா? வேண்டாம், 304 போதும். நெடுக்கே 160 கோடுகள், குறுக்கே 144 கோடுகள். அவை வெட்டிக்கொள்ளும் இடம் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. சிப் ஒரு நேரத்தில் ஒரே ஒரு வரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து, அதில் எந்தப் புள்ளி கருக்க வேண்டும் என்று 160 கோடுகள் வழியே சொல்கிறது. பிறகு அடுத்த வரிசை. இதில் ஒரு சிக்கல் உண்டு. எந்தப் புள்ளிக்கும் தன் முறை கிடைப்பது 144-இல் ஒரு பங்கு நேரம்தான். அந்தச் சொற்ப வாய்ப்பிலேயே அது கருப்பா வெளுப்பா என்று முடிவாகிவிட வேண்டும். இதற்காகத்தான் மூலக்கூறுகளை அதிகமாகத் திருகிவைத்த வகையைத் தேர்ந்தெடுத்தார்கள். சாதாரணத் திரையில் 90 டிகிரி திருப்பம் போதும். இந்த வகையில் 180 டிகிரிக்கு மேல். திருகல் கூடினால், மிகச் சிறிய மின்னழுத்த வித்தியாசத்துக்கும் மூலக்கூறுகள் சட்டென்று நிமிரும். அந்தத் திரைக்கே உரிய பாசிப்பச்சைச் சாயல் இந்தத் திருகலின் பக்கவிளைவு.

அடுத்த கேள்வி பேட்டரி. எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் நான்கு பென்சில் பேட்டரிகள். சுமார் 15 மணி நேரம் ஓடும். வைகையில் சென்னையிலிருந்து மதுரைக்குப் போய்த் திரும்பிவரும் நேரம் அது. கேம் பாய் வந்த அதே ஆண்டு வெளியான அட்டாரி லிங்க்ஸும், அடுத்த ஆண்டு வந்த சேகாவின் கேம் கியரும் வண்ணத் திரையோடும் பின்விளக்கோடும் வந்தன. பார்த்தால் மயங்கிவிடுவோம். ஆனால் ஆறு பேட்டரிகளைப் போட்டாலும் அவை நான்கு, ஐந்து மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். எழும்பூரில் தொடங்கினால் திருச்சியிலேயே புதிய பேட்டரி தேட வேண்டும். கேம் பாயின் முதுகில் அச்சிட்டிருக்கும் மின்தேவை 0.7 வாட். வீட்டில் எரியும் ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்புக்கான மின்சாரத்தில் ஒரு டஜன் கேம் பாய்களை ஓட்டலாம்.

மின்சாரம் இவ்வளவு குறைவதற்குப் பின்விளக்கு இல்லாதது பெரிய காரணம். இன்னொன்று, உறக்கம். அந்த நுண்செயலிக்கு 'நில்' என்று ஒரு கட்டளை உண்டு. ஒரு படத்துக்கான வேலையை முடித்ததும் விளையாட்டு நிரல் அந்தக் கட்டளையை இடும். நுண்செயலி அந்த இடத்திலேயே உறங்கிவிடும். அடுத்த படத்துக்கு நேரம் வந்ததும் திரைச்சுற்று ஒரு குறுக்கீட்டுச் சமிக்ஞை அனுப்பி எழுப்பும். நொடிக்குச் சுமார் 60 முறை வேலை, உறக்கம், வேலை, உறக்கம். ஆடுகிறவர் விரல் ஓய்வே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். கருவியோ கிடைக்கும் சின்னச் சின்ன இடைவெளிகளிலெல்லாம் தூங்கிக்கொண்டிருக்கும்.

இத்தனை குறைந்த வசதியில் படம் வரைவது எப்படி? ஒரு புள்ளிக்கு வெளுப்பு, வெளிர்ச் சாம்பல், அடர்ச் சாம்பல், கருப்பு என்று நான்கு சாயல்கள். அதைக் குறிக்க இரண்டு பிட் போதும்; பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஒற்றை இலக்கம். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆக, ஒரு முழுத் திரைக்கு 5,760 பைட். அவ்வளவையும் நொடிக்கு 60 முறை மாற்றி எழுத அந்த நுண்செயலிக்கு வேகம் பத்தாது. அதனால் வடிவமைப்பாளர்கள் திரையை 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட சதுரங்களாக, டைல்களாகப் பிரித்தார்கள். ஒரு செங்கல், ஒரு மேகத் துண்டு, 'ஏ' என்ற எழுத்து என ஒவ்வொரு டைலையும் ஒரே ஒருமுறை நினைவகத்தில் எழுதிவைத்தால் போதும். பிறகு "இந்த இடத்தில் 17-ஆம் டைல், அதன் பக்கத்தில் மறுபடியும் 17" என்று எண்களைப் பட்டியலிட வேண்டியதுதான். முழுத் திரையும் 360 எண்களில் அடங்கிவிடுகிறது. வேலை பதினாறில் ஒரு பங்காகக் குறைந்தது. செங்கல் சுவர் முழுவதும் ஒரே செங்கல்தான்!

விளையாட்டில் நிலப்பரப்பு நகருவது இதைவிட அழகு. டைல் பட்டியல் திரையைவிடப் பெரியது: 256-க்கு 256 புள்ளிகள். அதன் மேல் திரை ஒரு ரயில் ஜன்னல்போல நகர்கிறது. ஜன்னல் எங்கே இருக்கிறது என்பதைக் குறிக்கும் இரண்டே எண்களை மாற்றினால் மலையும் மரமும் அத்தனையும் ஒன்றாக நகரும். ஜன்னல் பட்டியலின் வலது விளிம்பைத் தாண்டினால் இடது விளிம்பில் தொடரும். ஜன்னலுக்கு வெளியே மறைந்திருக்கும் பகுதியில், அடுத்து வரவேண்டிய மரங்களை நிரல் அவசரமாக நட்டுக்கொண்டே இருக்கும். கண்ணுக்குப் படும்முன் ஊர் தயாராகிவிடும். சின்னதொரு பட்டியலில் முடிவே இல்லாத ஊர்கள் இப்படித்தான் வந்துபோகின்றன.

ஆனால் எந்த நேரத்திலும் மரம் நட முடியாது. நுண்செயலியின் கடிகாரம் நொடிக்கு 41,94,304 முறை துடிக்கிறது. ஒரு படத்துக்குக் கிடைப்பது 70,224 துடிப்புகள். அதில் பெரும்பகுதி திரையில் வரிசை வரிசையாக வரைவதற்கே போகிறது. ஒரு வரிசையை வரைந்துகொண்டிருக்கும்போது டைல் நினைவகத்தின் கதவு நுண்செயலிக்குச் சாத்தியிருக்கும். 144 வரிசைகளும் முடிந்தபின் கிடைக்கும் ஓய்வு, ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம். அந்த இடைவெளிக்குள் ஓடிப் போய் மாற்றங்களைச் செய்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அன்றைய நிரலாளர்கள் ஒவ்வொரு கட்டளைக்கும் எத்தனை துடிப்பு என்று விரல்விட்டு எண்ணி எழுதினார்கள். நாங்கள் ஜன்னலோரம் பார்த்து ரசித்த தடையில்லாத ஓட்டத்துக்குள் அத்தனை கணக்கு இருந்தது.

பயணிகளிடம் காட்டும்போது எனக்குப் பிடித்த கணம், சுவிட்சைத் தள்ளியதும் வருவது. திரையின் உச்சியிலிருந்து நின்டெண்டோ என்ற பெயர் மெல்ல இறங்கி வந்து, நடுவில் நின்று, 'டிங்' என்று ஓர் ஒலி எழுப்பும். சில நேரம் பெயருக்குப் பதிலாக ஏதோ சிதைந்த கட்டங்கள் இறங்கி வரும். கருவி அதோடு உறைந்துவிடும். கார்ட்ரிட்ஜைக் கழற்றித் துடைத்துச் செருகினால் சரியாகிவிடும். இதற்குக் காரணம் வியப்பானது. திரையில் இறங்கி வரும் அந்தப் பெயரைக் கருவி தன்னிடமிருந்து எடுப்பதில்லை, கார்ட்ரிட்ஜிலிருந்து படிக்கிறது! ஒவ்வொரு விளையாட்டிலும் அந்தப் பெயரின் படம் 48 பைட்டுகளாக எழுதப்பட்டிருக்கும். கருவிக்குள் இருக்கும் 256 பைட் தொடக்க நிரல் அதைப் படித்து, திரையில் வரைந்து, தன்னிடம் உள்ள பிரதியோடு ஒப்பிடும். ஒரு பிட் மாறியிருந்தாலும் ஆட்டத்தைத் தொடங்காது.

ஒரே கல்லில் இரண்டு மாங்காய். இணைப்பு முனைகளில் அழுக்கு இருந்தால் அது முதல் நொடியிலேயே தெரிந்துவிடும். அனுமதியில்லாமல் விளையாட்டு தயாரிப்பவர் நின்டெண்டோவின் வணிகச் சின்னத்தைத் தன் கார்ட்ரிட்ஜில் நகலெடுத்தே ஆகவேண்டும். எடுத்தால் சட்டத்தின் பிடியில் சிக்குவார் என்பது கணக்கு. கார்ட்ரிட்ஜே இல்லாமல் இயக்கினால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கருப்புப் பட்டை இறங்கி வரும். வெற்றிடத்தைப் படிக்கும்போது எல்லா பிட்டும் 1 என்றே கிடைப்பதால் எல்லாப் புள்ளியும் கருத்துவிடுகிறது. இதோடு இன்னொரு முன்யோசனையும் உண்டு: மின்சுவிட்சைத் தள்ளியதும் அதோடு சேர்ந்த ஒரு கொண்டி கார்ட்ரிட்ஜின் மூலையில் உள்ள பள்ளத்தில் நுழைந்துகொள்ளும். ஆட்டம் ஓடும்போது எதிர் இருக்கைக் குழந்தை எவ்வளவு இழுத்தாலும் கார்ட்ரிட்ஜ் கையோடு வராது.

எங்கள் கார்ட்ரிட்ஜ் டெட்ரிஸ். 1980-களின் நடுவில் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் வேலைபார்த்த அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய விளையாட்டு அது. அவருடைய எலெக்ட்ரோனிகா 60 கணினிக்குப் படம் வரையவே தெரியாது. எனவே அடைப்புக்குறி எழுத்துகளை அடுக்கிக் கட்டைகளைக் காட்டினார். நான்கு சதுரங்களைச் சேர்த்தால் கிடைக்கும் ஏழு வடிவங்கள் மேலிருந்து விழும். இடைவெளி இல்லாமல் அடுக்கினால் வரிசை மறையும். விதிமுறை அவ்வளவுதான். 1989 பிப்ரவரியில், ஜப்பானில் வாழ்ந்த ஹென்க் ரோஜர்ஸ் என்ற விளையாட்டு வெளியீட்டாளர் சுற்றுலா விசாவில் மாஸ்கோ போய் இறங்கினார். யாரையும் அறியாத ஊரில், மென்பொருள் உரிமைகளை விற்கும் அரசு அலுவலகத்தைத் தேடிக் கண்டுபிடித்து, கையடக்கக் கருவிகளுக்கான உரிமையைப் பெற்றுவந்தார். அமெரிக்காவில் கேம் பாயோடு மாரியோவைக் கொடுப்பதா டெட்ரிஸைக் கொடுப்பதா என்ற பேச்சு வந்தபோது, எல்லா வயதினரும் ஆட வேண்டுமென்றால் டெட்ரிஸ்தான் என்று அவர் வாதாடினார். அவர் கணிப்பு எவ்வளவு சரி என்பதற்கு எங்கள் ரயில் பெட்டியே சாட்சி. ஒரு வார்த்தை ஆங்கிலம் படிக்கத் தேவையில்லை. அரை நிமிடம் பார்த்ததும் ஆறு வயதுக் குழந்தைக்கும் அறுபது வயதுப் பாட்டிக்கும் புரிந்துவிடும்.

அந்த முழு விளையாட்டும் 32 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் 3 மெகாபைட் புகைப்படம் ஒன்றின் இடத்தில் ஏறத்தாழ நூறு டெட்ரிஸ்கள் குடியிருக்கலாம். இவ்வளவு சிறிய நிரல், அடுத்து எந்தக் கட்டை வரும் என்பதை எப்படித் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கிறது? கணினிக்குத் தற்செயல் என்றால் என்னவென்றே தெரியாதே! கருவிக்குள் ஓர் எண்ணி இருக்கிறது. 0 முதல் 255 வரை எண்ணிவிட்டு மறுபடி 0-இலிருந்து தொடங்கும். நொடிக்கு 64 சுற்று. புதிய கட்டை தேவைப்படும் கணத்தில் அந்த எண்ணி எந்த எண்ணில் நிற்கிறதோ, அதை வைத்துக் கட்டையைத் தேர்ந்தெடுக்கிறது நிரல். கட்டை எப்போது அமரும் என்பது ஆடுபவரின் விரல் வேகத்தைப் பொறுத்தது. நொடியில் பதினாறாயிரத்தில் ஒரு பங்கு முந்தினாலோ பிந்தினாலோ வேறு எண். பகடையை உருட்டுவது கருவி என்று நினைத்தோம். உருட்டியது எங்கள் கட்டைவிரல்.

அந்தக் கட்டைவிரலுக்காகவே யோகோய் செய்த இன்னொரு கண்டுபிடிப்பு, இடதுபக்கம் உள்ள கூட்டல்குறி வடிவப் பொத்தான். 1982-இல் 'டாங்கி காங்' கையடக்க விளையாட்டுக்காக அவர் அதை உருவாக்கினார். நான்கு தனித்தனிப் பொத்தான்கள் என்றால் கண் கீழே குனிய வேண்டும். கூட்டல்குறியின் மேடு பள்ளம் விரலுக்கே திசையைச் சொல்லிவிடும். நடுவில் உள்ள தாங்குமுனை, ஒரு பக்கம் அழுந்தினால் எதிர்ப்பக்கத்தை உயர்த்திவிடும். இடமும் வலமும் ஒரே நேரத்தில் அழுந்துவதில்லை. முதல்முறை கையில் வாங்கும் பயணிகூட ஒரு நிமிடத்தில் திரையிலிருந்து கண் எடுக்காமல் ஆடத் தொடங்கிவிடுவது இதனால்தான்.

ஒலிக்கு நான்கே குரல்கள். இரண்டு குரல்கள் சதுர வடிவ அலைகளை எழுப்பும். மூன்றாவது, நிரலாளர் 32 எண்களால் எழுதிக் கொடுக்கும் அலைவடிவத்தை இசைக்கும். நான்காவது இரைச்சல். பறையொலி, வெடியொலி, காற்று எல்லாம் அதிலிருந்துதான். இரைச்சலை உண்டாக்கும் முறை அபாரம். 15 பிட்டுகள் கொண்ட ஒரு வரிசை. ஒவ்வொரு அடியிலும் கடைசி இரண்டு பிட்டுகளை ஒப்பிட்டு, வரும் விடையை மறுமுனையில் செருகி, வரிசை ஓர் இடம் நகரும். இவ்வளவே. இதிலிருந்து 32,767 அடிகளுக்குப் பிறகுதான் திரும்ப வரும் ஒரு தொடர் பிறக்கிறது. காதுக்கு அது முழுக்க ஒழுங்கற்ற இரைச்சலாகவே கேட்கும். இந்த நான்கு குரல்களைக் கொண்டு ஹிரோகாஸு தனாகா டெட்ரிஸுக்கு இசையமைத்தார். அதில் எல்லோருக்கும் நினைவில் தங்கிய மெட்டு ஒரு ரஷ்ய நாட்டுப்பாடல். ஊர் ஊராக நடந்து சரக்கு விற்ற வணிகர்களைப் பற்றிய 'கொரோபெய்னிகி'. பயணிகளின் கருவிக்குப் பயணிகளின் பாட்டு.

இரண்டு கருவிகளை ஒரு கம்பியால் இணைக்கும் வசதியும் உண்டு. ஒவ்வொரு கருவியிலும் எட்டு பிட் கொண்ட ஒரு பெட்டகம். இணைத்ததும் இரண்டும் சேர்ந்து பதினாறு பிட் கொண்ட ஒரு வளையமாகிவிடும். ஒரு கருவி தாளம் போடும். ஒவ்வொரு தாளத்துக்கும் இங்கிருந்து ஒரு பிட் அங்கே போகும், அங்கிருந்து ஒன்று இங்கே வரும். எட்டாவது தாளத்தில் இரண்டு பெட்டகங்களின் உள்ளடக்கமும் முழுதாக இடம் மாறியிருக்கும். இந்த அமைப்பில் கொடுக்காமல் வாங்க முடியாது. வாங்காமல் கொடுக்கவும் முடியாது. வேகம் நொடிக்குச் சுமார் 1,000 பைட். சதோஷி தஜிரி என்ற இளைஞர் அந்தக் கம்பியைப் பார்த்தபோது, ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குப் பூச்சிகள் ஊர்ந்து போவதாகக் கற்பனை செய்தார். சிறுவயதில் பூச்சி பிடித்துத் திரிந்தவர் அவர். 1996 பிப்ரவரியில் அந்தக் கற்பனை 'போக்கிமான்' ஆனது. ஒருவருக்கொருவர் கைமாற்றாமல் எல்லா உயிர்களையும் சேகரிக்க முடியாதபடி அதை அமைத்தார். பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவரிடம் பேசியே ஆகவேண்டும்.

இந்தக் கருவி போகாத இடம் குறைவு. வளைகுடாப் போரின்போது குண்டுவீச்சில் எரிந்த படைமுகாம் ஒன்றிலிருந்து மீட்ட கேம் பாய், வெளிமூடி கருகி உருகிய நிலையிலும் இயங்கியது. நியூயார்க்கில் உள்ள நின்டெண்டோ கடையில் பல ஆண்டுகள் அது கண்ணாடிப் பேழைக்குள் டெட்ரிஸ் ஓட்டிக்கொண்டிருந்தது. ஊர் ஊராக வந்தவர்களெல்லாம் நின்று பார்த்துப் போனார்கள். 1993 ஜூலையில் ரஷ்ய விண்வெளி வீரர் அலெக்சாண்டர் செரெப்ரோவ் தன் கேம் பாயையும் டெட்ரிஸையும் எடுத்துக்கொண்டு மிர் விண்வெளி நிலையத்துக்குப் போனார். 196 நாள்கள், பூமியை 3,000 முறைக்கும் மேல் சுற்றிய பயணம். பூமியில் கட்டைகள் கீழே விழுகின்றன என்கிறோம். எது கீழ் என்றே சொல்ல முடியாத இடத்திலும் அவை விழுந்துகொண்டுதான் இருந்தன. வண்ணத் திரையோடு பின்னால் வந்த வகையையும் சேர்த்து, 2003-இல் உற்பத்தி நிற்கும்வரை சுமார் 11 கோடியே 87 லட்சம் கேம் பாய்கள் விற்றன. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் இருந்த மக்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்திருந்தாலும் நான்கு கோடிக்கும் மேல் மிச்சம் இருக்கும்.

இன்று நம் பையில் இருக்கும் கைப்பேசி அதைவிடப் பல்லாயிரம் மடங்கு திறமையானது. ஆனால் அதற்குள் நடப்பதை முழுதாக அறிந்த ஒரு மனிதர் உலகில் இல்லை. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிபுணர் கூட்டம் வேண்டும். கேம் பாய் அப்படியில்லை. சுமார் 500 கட்டளைகள், 64 கிலோபைட் முகவரிப் பரப்பு, 40 நகரும் உருக்கள், நான்கு குரல்கள். ஆர்வமுள்ள ஒரு பள்ளி மாணவி சில மாதங்களில் அதை மூலை முடுக்கெல்லாம் தெரிந்துகொள்ள முடியும். அதனால்தான் இன்றும் அதற்குப் புதிய விளையாட்டுகள் எழுதப்படுகின்றன. நிரல் எழுதத் தெரியாதவர்களும் உருவாக்க 'ஜிபி ஸ்டூடியோ' போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. அதில் உருவான விளையாட்டுகள் பழைய கருவியிலேயே ஓடுகின்றன. அந்த நாளில் சக பயணிகளிடம் நான் காட்டிப் பெருமைப்பட்டது விளையாட்டை. இப்போது யாராவது கேட்டால் உள்ளே இருப்பதைச் சொல்கிறேன்: கடன் வாங்கிய வெயிலை, இடைவெளி பார்த்து உறங்கும் சிப்பை, ஒரே செங்கல்லில் எழும் சுவரை. ஒரு கணினியைத் தலைமுதல் கால்வரை ஒருவரால் புரிந்துகொள்ள முடியும் என்று ஒரு குழந்தைக்குத் தெரிந்துவிட்டால், அடுத்த கணினியைப் பார்த்து அந்தக் குழந்தை மலைத்து நிற்காது. எப்படி வேலைசெய்கிறது என்று கேட்கத் தொடங்கும்.